செவிக்கு வரும் நூல்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், இடக்கொச்சியில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழாவில் இலக்கியத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்வது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அப்பொறுப்பு எங்கள் கேட்போர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகவே மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும், சொல்லப்படும் கருத்துகள் குழுவினர் எல்லோரும் கூடி ஆராய்ந்து கண்டவை. நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஒலிநூல். அச்சிட்ட நூலை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, அதனைப் பதிவு செய்து, வேண்டும்போது கேட்குமாறு வைப்பதே ஒலிநூல். கைப்பேசி உள்ளவர் எவரும் இன்று அதனைக் கேட்கலாம். எதனைக் கேட்பது, கேட்டதை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் இரண்டு வினாக்களுக்கே நாங்கள் விடை தேடினோம்.

கடந்த ஓராண்டாக ஞாயிறு மாலைகளில் இடக்கொச்சியில் ஓர் அன்பரின் இல்லத் திண்ணையில் கூடினோம். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மலைச்சரக்குக் கடையில் கணக்கு எழுதும் அன்பர் ஒருவர், துணி தேய்க்கும் தொழிலுடையவர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், பாலத்தைக் கடந்து அரூருக்குச் சென்று இறால் பதனிடும் ஆலையில் பணிபுரியும் தாய்மார் இருவர், பள்ளி மாணவர் நால்வர் ஆகிய ஒன்பதின்மரும் தவறாது வந்தனர். மற்றையோர் இயன்றபோது வந்து கலந்துகொண்டனர். சரித்திர நாவல், சிறுகதை, துப்பறியும் கதை, வாழ்க்கை வரலாறு, கவிதை, குழந்தைக் கதை என வகைக்கு ஒன்றேனும் கேட்டோம். கேட்டபின் அச்சு நூலை விரித்து, அதே பகுதியை ஆசிரியை அவர்கள் படிக்கச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தோம்.

பொழுதுபோக்கிற்குக் கேட்கும் கதைக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் எங்களை வினவினர். அவர்களுக்கு நாங்கள் கூறிய விடையையே முதலில் இங்கும் கூறுகிறோம்.

ஒலிநூலைக் கேட்போர் மூவகையினர். கைகளுக்கு வேலை இருந்து செவி மட்டும் ஓய்ந்திருப்பவர் ஒரு வகையினர். தேய்ப்புப் பெட்டியைப் பிடித்திருப்பவரும் அடுப்படியில் நிற்பவரும் வண்டி ஓட்டுபவரும் இவ்வகையைச் சேர்ந்தவர்கள். கண்பார்வை குன்றியவர்களும் பார்வையே இல்லாதவர்களும் இரண்டாம் வகையினர். மூன்றாம் வகையினர் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலே தமிழ் பேசுகிறார்கள். பள்ளியிலே மலையாளமும் ஆங்கிலமும் கற்கிறார்கள். இம்மண்ணில் வாழும் பிள்ளை மலையாளம் கற்பதே முறை. 2017-ஆம் ஆண்டில் கேரள அரசு இயற்றிய சட்டம் பத்தாம் வகுப்பு வரை அதனைக் கட்டாயமாக்கியதில் நமக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் அதன் விளைவாக, தமிழைக் கேட்டால் புரிந்துகொள்ளும் பிள்ளை, தமிழ் எழுத்தைக் கண்டால் திகைத்து நிற்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நூல் என்பது கண் வழியே வருவதில்லை. வந்தால் செவி வழியேதான் வருகிறது.

எழுத்தறிந்தவர் முன் அச்சு நூல் எப்போதும் இருக்கிறது. ஒருவர் அதைத் தவறாகப் படித்தாலும் நூல் கெடுவதில்லை. மற்றொருவர் திருத்திப் படித்துக்கொள்வார். எழுத்தறியாத பிள்ளைக்கோ வாசிப்பவரின் குரலே நூல். அவர் 'வாழை'யை 'வாளை' என்று உச்சரித்தால் தோட்டத்து மரம் குளத்து மீனாகிவிடும். அவர் ஒரு வரியை விழுங்கினால் அந்த வரி அப்பிள்ளைக்கு இல்லாமலே போகும். ஆகவே நம் போன்று தாய்நிலத்தை விட்டு வந்து வாழ்வோர், ஒலிநூலைத் தமிழகத்தாரைக் காட்டிலும் கூர்ந்து மதிப்பிட வேண்டியவர்களாக இருக்கிறோம்.

நூலைக் கேட்டு இன்புறுவது தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 42-ஆம் அதிகாரம். அச்சுப்பொறி வருமுன் நூல்கள் அவையில் படித்துக் காட்டப்பட்டே அரங்கேறின. கோயில் மண்டபங்களில் புராணம் வாசித்துப் பொருள் சொல்வோர் இருந்தனர். கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் எழுத்தறியாதவரையும் இலக்கியத்தின் சுவையை அறியச் செய்தன. திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993), புலவர் கீரன் போன்றோரின் சொற்பொழிவுகள் ஒலிநாடாக்களில் பதிவாகி வீடுதோறும் ஒலித்ததை நம்மிற் பலர் அறிவோம். சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டபின், கதைகளும் நாடகங்களும் காற்றில் மிதந்து வந்தன.

இவை அனைத்தினும் நம் ஆராய்ச்சிக்கு நெருங்கிய கலை ஒன்று இக்கேரள நாட்டிலேயே இருக்கிறது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பகவதி கோயில்களைச் சார்ந்த கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக்கூத்தையே குறிப்பிடுகிறோம். வெண்திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை ஏற்றி, தோலால் ஆன பாவைகளின் நிழலைத் திரையில் ஆடவிட்டு, கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லிப் புலவர்கள் விரிவுரை கூறுவார்கள். பாட்டு தமிழ், விரிவுரையில் மலையாளமும் கலந்து வரும். பல கோயில்களில் இக்கூத்து 21 இரவுகள் நடைபெறும். கூறுவோரின் முகம் மக்களுக்குத் தெரியாது; குரல் மட்டுமே வெளியே வரும். நள்ளிரவுக்குப் பின் எதிரே ஒருவரும் இல்லாமற் போனாலும், தேவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்னும் நம்பிக்கையில் ஒரு பாட்டையும் குறைக்காமல் சொல்லி முடிப்பார்கள். ஒலிப்பதிவு அறையில் தனியே அமர்ந்து வாசிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே என்பது எங்கள் கருத்து. எதிரே எவரும் இல்லை. ஆயினும் கேட்பவர் உண்டு என்ற நினைவோடு வாசிக்க வேண்டும்.

மேனாடுகளில் இத்துறை வளர்ந்த வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்வது பொருந்தும். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதன் பயன்களை எடுத்தெழுதியபோது, பார்வையற்றோர்க்கு நூல்களைப் பேசச் செய்வதையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். எனினும் அவ்வெண்ணம் நிறைவேற ஐம்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முழு நூல் ஒன்றைக் கொள்ளும் அளவுக்கு இசைத்தட்டு வளர்ந்தபின், 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் இங்கிலாந்திலும் பேசும் நூல்கள் பார்வையற்றோர்க்கு அனுப்பப்பட்டன. முதல் உலகப் போரில் கண்களை இழந்த வீரர்களின் தேவையே இங்கிலாந்தில் அம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1952-இல் நியூயார்க்கில் இரண்டு இளம் பெண்கள் கேட்மன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, கவிஞர்களின் சொந்தக் குரலையே இசைத்தட்டில் விற்றனர். பின்னர் ஒலிநாடா, குறுந்தகடு, கைப்பேசி என வடிவங்கள் மாறின. கருவி எதுவாயினும் வாசிப்பவரின் கடமை மாறவில்லை.

இனி நாங்கள் கேட்ட வகைகளைப் பற்றிக் கூறுவோம்.

முதலில் சரித்திர நாவல். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வெளிவந்தது. ஐந்து பாகங்களாக 2,000 பக்கங்களுக்கு மேல் விரியும் நூல் அது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனமையால் பலரும் அதனை ஒலிநூலாக்கியுள்ளனர். அவற்றுள் இருவகை முறைகள் உண்டு. பாம்பே கண்ணன் பல நடிகர்களைக் கொண்டு, பாத்திரத்திற்கு ஒரு குரலாக நாடக முறையில் அமைத்தார். தீபிகா அருண் 'கதை ஓசை' என்னும் பெயரில் தனிக்குரலில் நூல்களை வாசித்து வழங்கியவர். இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்பது பற்றி எங்கள் குழுவில் ஒரு மாதம் வாதம் நடந்தது.

துணி தேய்க்கும் அன்பர் நாடக முறையையே ஆதரித்தார். "கையில் சூடான பெட்டி இருக்கும்போது, பேசுவது நந்தினியா குந்தவையா என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது, குரலைக் கேட்டவுடன் ஆள் தெரிய வேண்டும்" என்றார். ஆசிரியை அவர்கள் தனிக்குரலின் பக்கம் நின்றார். கல்கி தம் கதையை வாசகரை அழைத்துப் பேசியே நடத்துகிறார்; அந்தக் கதைசொல்லியே நூலின் முதன்மைப் பாத்திரம்; பல குரல்கள் சேர்ந்து முழங்கும்போது அவர் ஒதுங்கிவிடுகிறார் என்பது அவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. பாத்திரங்கள் மிகுந்த நீண்ட கதைக்குப் புதிதாகச் செவி கொடுப்பவர் நாடக முறையில் தொடங்கலாம். மொழியைக் கற்க விரும்பும் பிள்ளைகள் தனிக்குரலையே கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். ஏனெனில் வருணனையும் உரையாடலும் ஒரே குரலில் வரும்போதுதான் தமிழ் வாக்கியத்தின் நடை பிள்ளையின் செவியில் படிகிறது. எம்முறை ஆயினும் பின்னணி இசை சொல்லை மூழ்கடிக்கலாகாது. போர்க்களக் காட்சியில் முரசொலி மிகுந்து, யார் வீழ்ந்தார் என்பதே கேளாமற்போன பதிவும் எங்கள் செவிக்கு எட்டியது.

இவ்வகையில் மற்றொரு நுட்பமும் உண்டு. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான் என்று பொருள். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தான் என்று பொருள். அச்சில் ஒரு ககர ஒற்று இவ்வேற்றுமையைக் காட்டுகிறது. வாசிப்பவர் அந்த ஒற்றை அழுத்தாமல் விட்டால், வீரனுக்கு ஆயுதம் கொடுத்த அரசன் உத்தியோகம் கொடுத்தவனாகிவிடுவான். சந்தி இலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த எங்கள் மாணவர்கள், அது செவிக்கும் உரியது என்று அன்று உணர்ந்தார்கள்.

அடுத்தது சிறுகதை. புதுமைப்பித்தன் (1906–1948) கதைகளை வாசிப்பது எளிதன்று. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' போன்ற கதையில் நகைப்பு வரிகளுக்கு அடியில் ஓடுகிறது. ஆசிரியர் முகத்தில் புன்னகையைக் காட்டுவதே இல்லை. கேட்பவர் நகைக்கு முன் வாசிப்பவர் நகைத்துவிட்டால் கதை வாடிவிடும். அவ்வாறே துயரக் கதையில் வாசிப்பவர் தாமே அழுதுவிட்டால், கேட்பவர்க்கு அழ இடமில்லாது போகும். சிறுகதைக்கு அடங்கிய குரல் வேண்டும். கடைசி வாக்கியம் முடிந்தபின் சிறிது மௌனமும் வேண்டும். முடிந்த அடுத்த நொடியே விளம்பரத்தை ஒலிக்கச் செய்வது, விருந்துண்டவன் கை கழுவுமுன் இலையை இழுப்பது போன்றதாகும்.

வட்டார வழக்கில் எழுதப்பெற்ற நூல்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) கரிசல் மண்ணின் பேச்சைக் கொண்டது. நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை வைத்து எழுதிய கதைகள், 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி' ஆகியவை நமக்கு நெருங்கிய உறவு உடையவை. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வாழும் நிலத்தின் பேச்சு அவற்றில் இருக்கிறது. இத்தகைய நூலை வாசிக்கப் புகுவோர், அவ்வூராரிடம் சில நாள் செவி கொடுத்துப் பழகிய பின்பே தொடங்க வேண்டும். அது இயலாதாயின், எழுதியுள்ளவாறு தெளிவாக வாசித்தாலே போதும். திரைப்படத்தில் கேட்ட பொதுவான 'கிராமத்துப் பேச்சை' எல்லா நூலுக்கும் பூசுவது ஆசிரியரையும் அவ்வூரையும் ஒருங்கே அவமதிப்பதாகும். நெல்லையும் குமரியும் கோவையும் ஒரே விதமாகப் பேசுவதில்லை என்பதை, பல மாவட்டத்தார் கூடி வாழும் நம் சங்கத்தினும் நன்கறிந்தோர் யார்?

துப்பறியும் கதைக்கு வேறு வகைக் கட்டுப்பாடு வேண்டும். நாங்கள் கேட்ட ஒரு பதிவில், குற்றவாளி முதன்முதலாக வாய் திறந்தபோதே வாசிப்பவர் அவனுக்குக் கரகரத்த குரலைக் கொடுத்துவிட்டார். எங்கள் மாணவருள் இளையவர் உடனே, "திருடன் இவன்தான், இனிக் கேட்க வேண்டியதில்லை" என்று எழுந்துவிட்டார். ஆசிரியர் முந்நூறு பக்கம் மறைத்து வைத்ததை வாசிப்பவர் மூன்றாம் நிமிடத்தில் வெளியிட்டுவிட்டார். இவ்வகையில் எல்லாப் பாத்திரங்கட்கும் நடுநிலையான குரலே தக்கது. தேவனின் 'துப்பறியும் சாம்பு' போன்ற நகைச்சுவைத் துப்பறியும் கதையில் இது இன்னும் நுட்பமானது. சாம்பு தாம் அறியாமலே வெற்றி பெறுகிறார். அந்த அறியாமை வாசிப்பவரின் குரலிலும் இருக்க வேண்டும்.

தன்வரலாற்று நூலில் நடிப்புக்கு இடமே இல்லை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை 'ஆனந்த விகடன்' இதழில் வெளிவந்தது. முதுமையில் ஓர் ஆசிரியர் தம் வாழ்வை நிதானமாக நினைவு கூரும் நூல் அது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் நூற்பெயரும் நிறைந்தது. அவற்றை ஒருமுறை திருத்தமாக உச்சரிப்பது ஆயிரம் உணர்ச்சி பாவனைகளினும் மேலானது. எழுதியவர் ஆடவர் என்பதால் ஆடவரே வாசிக்க வேண்டுமா என்ற வினா எழுந்தது. வேண்டியதில்லை என்பது எங்கள் முடிவு. அமைதியும் தெளிவும் உள்ள பெண்குரலில் கேட்டபோது, சிறிது நேரத்தில் குரல் மறைந்து நூலாசிரியரே முன் வந்து நின்றார்.

வரலாறு, அறிவியல் முதலிய நூல்களில் கேட்பவரின் இடர்ப்பாடு வேறு. அச்சு நூலில் பின்னோக்கிப் புரட்டலாம். படத்தையும் அட்டவணையையும் பார்க்கலாம். கேட்பவர்க்கு இவை இல்லை. ஆகவே ஆண்டும் அளவும் வரும் இடங்களில் வாசிப்பவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். கைப்பேசியில் வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி உண்டு. எங்கள் மாணவர்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டே பழகியவர்கள். செய்தி நூலுக்கு அது ஒருவாறு பொருந்தலாம். கதையையும் கவிதையையும் அவ்வாறு கேட்பது, பாயசத்தை மருந்து போல் ஒரே மூச்சில் விழுங்குவதற்கு ஒப்பாகும்.

கவிதையை மதிப்பிடுவதே எங்களுக்குக் கடினமாயிற்று. பாரதியார் (1882–1921) பாடல்களைப் பலர் பாடியும் வாசித்தும் பதிவு செய்துள்ளனர். இசையோடு பாடும்போது இன்பம் மிகுகிறது. ஆனால் இராகம் நீள நீளச் சொல் பின்னடைகிறது. வெறும் உரைநடை போல் வாசித்தால் யாப்பு மறைகிறது. சீர்தோறும் வெட்டி வெட்டிச் சொன்னால் பொருள் சிதைகிறது. பழைய ஆசிரியர்கள் கையாண்ட வழியே சிறந்தது எனக் கண்டோம். முதன்முறை யாப்பின் ஓசை விளங்கச் சொல்லுதல். மறுமுறை பொருள் விளங்கப் பதம் பிரித்துச் சொல்லுதல். கம்பன் பாடலுக்கும் சங்கப் பாடலுக்கும் இம்முறை இன்றியமையாதது.

குழந்தைக் கதையைப் பற்றித் தாய்மார் இருவரும் ஒரே தீர்ப்பு வழங்கினர். குழந்தைக்குக் கதை சொல்பவர் தாமும் குழந்தையாகி மழலை பேச வேண்டியதில்லை. பாட்டி சொல்வது போல் நிதானமாக, திருத்தமாகச் சொன்னால் போதும் என்றனர். இதற்கு மேல் நாங்கள் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வகைகள் பலவாயினும் எல்லாவற்றிற்கும் பொதுவான அளவுகோல்கள் இரண்டு. ஒன்று நிறுத்தம், மற்றொன்று உச்சரிப்பு.

'அன்று இரவு முழுதும் மழை பெய்த ஊரில் தங்கினோம்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். 'முழுதும்' என்னும் சொல்லுக்குப் பின் நிறுத்தினால், இரவு முழுதும் தங்கினோம் என்று பொருள்படும். நிறுத்தாது சென்று 'பெய்த' என்னும் சொல்லுக்குப் பின் மூச்சு விட்டால், இரவு முழுதும் மழை பெய்தது என்று பொருள்படும். வாசிப்பவர் வாக்கியத்தின் முடிவை முன்னரே கண்டறிந்து, பொருளை மனத்தில் கொண்டு வாய் திறந்தாரா, கண்ணில் பட்டதை அவ்வப்போது ஒலித்தாரா என்பதை நிறுத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றிய ஒரு செய்தி உங்களுக்கு மகிழ்ச்சி தரும். ஒலி பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் 'பிறப்பியல்' என்னும் இயலில் விளக்கியுள்ளார். அதனை எங்கள் மாணவர் நால்வரும் படித்ததில்லை. எனினும் ஒரு பதிவைக் கேட்டபோது, வாசிப்பவர் ழகரத்தை ளகரமாகச் சொல்வதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. எவ்வாறு கண்டுகொண்டீர்கள் என்று கேட்டோம். மழைக்கும் புழைக்கும் கோழிக்கும் மலையாளத்தில் ழகரம் தெளிவாக ஒலிக்கிறதே. பள்ளியில் நாங்கள் நாள்தோறும் சொல்கிறோமே என்றார்கள். நம் பிள்ளைகள் மலையாளம் கற்பதால் தமிழை இழக்கிறார்கள் என்று வருந்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தமிழகத்து நகரங்களில் பலர் நாவிலிருந்து நழுவிய ஓர் ஒலியை, நம் பிள்ளைகளின் நாவில் இம்மண்ணின் மொழி காத்து வைத்திருக்கிறது. ஆசிரியை அவர்களின் உள்ளம் அன்று குளிர்ந்ததை நாங்கள் கண்டோம்.

இப்போது மனிதக் குரலைப் போலவே ஒலிக்கும் இயந்திரக் குரல்களும் நூல்களை வாசிக்கின்றன. அவற்றை நாங்கள் முற்றும் வெறுக்கவில்லை. பார்வையற்ற ஒருவர் அன்றைய செய்தித்தாளைப் பிறர் துணையின்றித் தாமே கேட்டறிய அவை செய்யும் உதவி பெரிது. ஆனால் தமிழ் எழுத்தில் ஓர் எழுத்தே பல ஒலிகளைக் குறிக்கும். 'பாவம் செய்தான்' என்பதில் வரும் சொல்லையும், நாட்டியத்தில் 'பாவம் காட்டினாள்' என்பதில் வரும் சொல்லையும் ஒரே விதமாக எழுதுகிறோம். ஒரே விதமாகச் சொல்வதில்லை. பொருளை அறிந்தவர்க்கே வேற்றுமை தெரியும். நாங்கள் கேட்ட ஓர் இயந்திரப் பதிவில் நடன மங்கை மேடையேறிப் பாதகம் புரிந்துவிட்டாள்! இலக்கியத்தைப் பிள்ளைகளுக்குக் கேட்பிக்கும்போது, பொருளுணர்ந்த மனிதரின் குரலையே தேர்ந்தெடுப்பது நலம்.

கேட்பது மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு, நாம் வாழும் இக்கடற்கரையே விடை சொல்கிறது. கொச்சியைச் சூழ்ந்த கடலோர ஊர்களில் இலத்தீன் கத்தோலிக்கர் வளர்த்த சவிட்டு நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேடைப் பலகையை மிதித்து ஆடும் அந்நாடகத்தில், ஐரோப்பியப் பேரரசன் சார்லமேன் கதையைக் கூறும் 'காறல்மான் சரிதம்' புகழ் பெற்றது. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழிச் செய்தி. பழைய சவிட்டு நாடகங்களின் பாட்டுகள் தமிழ் மிகுந்தவை. மலையாளம் பேசும் மக்கள், தமிழ் எழுத்தை அறியாமலே, தலைமுறை தலைமுறையாக அப்பாட்டுகளை வாய்வழியே காத்தனர். இது செவியின் பேராற்றலுக்குச் சான்று. ஆனால் பொருள் விளங்காமலே பாடப்பட்ட சொற்கள் பல இடங்களில் உருமாறிப் போயின. இது செவியின் எல்லைக்குச் சான்று. ஒலி நிற்கும், எழுத்தின் துணையில்லையேல் பொருள் மெல்ல நழுவும்.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, எங்கள் குழு கேட்டு மதிப்பிட்டவற்றுள் நல்லன எனக் கண்டவற்றின் பட்டியலைச் சங்க அறிவிப்புப் பலகையில் திங்கள்தோறும் எழுதி வைக்க இசைவு தர வேண்டும். எந்தெந்த நூல் எவ்வயதினர்க்கு ஏற்றது, எதனை வேலை செய்துகொண்டே கேட்கலாம், எதனை அமர்ந்து கேட்க வேண்டும் என்பவற்றையும் அதில் குறிப்போம்.

இரண்டாவது, பிள்ளைகள் ஒலிநூலைக் கேட்கும்போது அச்சு நூலும் மடியில் விரிந்திருக்க வேண்டும். குரல் செல்லும் வழியே விரலும் செல்லட்டும். எங்கள் மாணவருள் இருவர் ஆண்டின் தொடக்கத்தில் தம் பெயரை மட்டுமே தமிழில் எழுத அறிந்திருந்தனர். இன்று அவ்விருவரும் குழந்தைக் கதை ஒன்றைத் தட்டுத் தடுமாறியேனும் தாமே படிக்கிறார்கள். தனி வகுப்பு ஏதும் நடத்தவில்லை. கதையின் மேல் கொண்ட ஆவலே எழுத்தைக் கற்பித்தது. இதனை எல்லா இல்லங்களிலும் செய்து பார்க்க வேண்டுகிறோம்.

மூன்றாவது, நாமே சில நூல்களை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். நாட்டுடைமையான நூல்களும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும் இதற்குத் தடையற்றவை. பார்வையற்றோர்க்கென நூல்களை ஒலிவடிவில் ஆக்கித் தருவதற்கு நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமே 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வழி செய்துள்ளது. இந்நோக்கத்திற்காக 2013-இல் மராகேஷ் நகரில் உருவான உலக உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக உறுதி செய்த நாடும் இந்தியாவே. நம் முதியோருள் பலர்க்குக் கண்ணொளி மங்கிவிட்டது. இளமையில் நூலகந்தோறும் அலைந்து படித்தவர்கள், இன்று திண்ணையில் வாளா அமர்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பிழை நேரும்போது முதியோர் திருத்தட்டும். முதியவர்க்கு நூல் கிடைக்கும். பிள்ளைக்கு எழுத்து கிடைக்கும். இதற்கு வேண்டிய கருவி எல்லார் கையிலும் இருக்கிறது. வேண்டுவது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம்.

குரல்களை மதிப்பிடும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் புலவர்கள் அல்லோம். கணக்கு எழுதுவோரும் துணி தேய்ப்போரும் ஆலைக்குச் செல்வோருமே எங்கள் குழுவில் உள்ளனர். ஆனால் நூலை வாசிப்பவர் எங்களுக்காகவே வாசிக்கிறார். சமைத்தவரின் திறத்தை உண்டவர் சொல்லலாம் என்றால், வாசித்தவரின் திறத்தைக் கேட்டவர் சொல்வதில் தவறில்லை. நல்ல வாசிப்பைப் பாராட்டி அவர்களுக்கு எழுதுங்கள். பிழையிருப்பின் பணிவோடு சுட்டுங்கள். தமிழகத்திலிருந்து நெடுந்தொலைவில் ஒரு திண்ணையில் தம் ழகரத்தைக் கூர்ந்து கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அறிந்தால், அடுத்த நூலை அவர்கள் இன்னும் கருத்தோடு வாசிப்பார்கள்.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் குழு மீண்டும் கூடுகிறது. கேட்க விரும்புவோர் செவியோடு வருக. வாசிக்க விரும்புவோர் நூலோடு வருக.